வெயில் வந்தது, கரி போகவில்லை: நெய்வேலி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2020 செப்டம்பர் 30ஆம் தேதி கடலூர் மாவட்டம் நெய்வேலியின் முதலாம் அனல்மின் நிலையம் நிறுத்தப்பட்டது. சோவியத் உதவியோடு கட்டி, 1962இல் ஓடத் தொடங்கிய 600 மெகாவாட் நிலையம் அது. அதற்குப் பதிலாக அதே ஊரில் புதிய அனல்மின் நிலையம் வந்தது. 500 மெகாவாட் அலகுகள் இரண்டு, மொத்தம் 1,000 மெகாவாட், அதே பழுப்பு நிலக்கரி. 2021 பிப்ரவரி 25 அன்று கோவையில் நடந்த விழாவில் பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதே மேடையில், அந்த நிலையத்தை நடத்தும் மத்தியப் பொதுத்துறை நிறுவனமான என்.எல்.சி.யின் 709 மெகாவாட் சூரிய மின் திட்டமும் அர்ப்பணிக்கப்பட்டது.

கரியும் வெயிலும் ஒரே நாளில், ஒரே நிறுவனத்தின் பெயரில் மேடை ஏறின. ஆனால் அந்த 709 மெகாவாட் சோலார் இருப்பது நெய்வேலியில் இல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் இருக்கிறது. கடலூர் மாவட்டத்துக்குக் கிடைத்தது புதிய கொதிகலன்கள்தான்.

நிலக்கரி ஏராளமாக உள்ள நாடு சூரிய மின்சாரத்துக்கு மாறுவது பற்றிப் பேச்சு வந்தால் புள்ளிவிவரம் எல்லாம் தேசிய அளவில்தான் வரும். இந்தியா உலகில் நிலக்கரி தோண்டுவதில் இரண்டாவது நாடு. 2024-25இல் உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. அதே நிதியாண்டில், 2025 ஜனவரியில், சூரிய மின் நிறுவுதிறனும் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தொட்டது. இரண்டும் சேர்ந்தே வளர்கின்றன. இது ஏன் இப்படி என்று தில்லியில் இருந்து பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். நெய்வேலியில் இருந்து பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது.

வேறு எதற்கும் ஆகாத கரி

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்ததில் தொடங்குகிறது நெய்வேலியின் கதை. 1956இல் நிறுவனம் பதிவானது, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார், 1961இல் கரி கண்ணில் பட்டது. இந்தியாவின் பழுப்பு நிலக்கரி இருப்பில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது.

இந்தக் கரியின் குணம் என்ன என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். வெட்டி எடுக்கும்போது அதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். ஒரு கிலோவில் கிடைக்கும் வெப்பம் சுமார் 2,600 கிலோ கலோரி. இறக்குமதியாகும் நல்ல நிலக்கரியில் அதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். குவித்து வைத்தால் தானாகவே புகைய ஆரம்பித்துத் தீப்பிடிக்கும். அதனால் ரயிலில் ஏற்றி ஊர் ஊராக அனுப்புவதும் கப்பலில் ஏற்றி விற்பதும் கட்டுபடியாகாது. சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே கொதிகலன் வைத்து, கன்வேயர் பெல்ட்டில் கொண்டுபோய் எரித்தாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் ஒரு கிலோ கரி ஆகிறது.

இப்போது வளைகுடாவைப் பாருங்கள். பரங்கிப்பேட்டைப் பக்கம் வளைகுடாச் சம்பளத்தில் கட்டிய வீடுகள் நிறைய. அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டால், பாலைவனத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பேனல் போட்டிருப்பதைச் சொல்வார்கள். அபுதாபியில் 2019இல் ஓடத் தொடங்கிய நூர் சூரிய மின் நிலையம் மட்டுமே 1,177 மெகாவாட். சவூதியின் சுதைர் 1,500 மெகாவாட். பூமிக்கடியில் எண்ணெயை வைத்துக்கொண்டு இவர்களுக்கு எதற்கு இது?

காரணம் வியாபாரம். கோடையில் ஏ.சி. ஓடுவதற்காக சவூதி கச்சா எண்ணெயையே நேரடியாக மின் நிலையத்தில் எரித்துவந்த நாடு. உள்ளூரில் மலிவு விலைக்குப் போகும் அந்த எண்ணெயைச் சூரிய மின்சாரம் மிச்சம் பிடித்துக் கொடுத்தால், மிச்சமான ஒவ்வொரு பீப்பாயும் டாலருக்கு விற்கும். அங்கே சோலார் எண்ணெய்க்குப் போட்டி இல்லை, கூட்டாளி.

நெய்வேலியில் இந்தக் கணக்கு தலைகீழ். எரிக்காத கரியை டாலருக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஒரு டன் கரியைச் சோலார் மிச்சம் பிடித்தால் அது மண்ணுக்குள் மண்ணாகக் கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு டன்னுக்காகப் போட்ட முதலீடு, சம்பளம், மேல்மண் அள்ளிய செலவு, பம்பு ஓடிய செலவு எல்லாம் கணக்கில் நிற்கும். எனவே இங்கே சோலார் கரிக்கு நேரடிப் போட்டியாளர். போட்டியாளரை ஒரு நிறுவனம் தன் வீட்டு வாசலில் உட்காரவைக்கத் தயங்குவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. என் பார்வையில் நெய்வேலி விஷயத்தின் முடிச்சு இதுதான். தொழில்நுட்பம், நிலம், வெயில் எல்லாம் இதற்கு அப்புறம்.

எண்ணிக்கை சொல்வது

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், என்.எல்.சி. சோலாரில் சும்மா இருக்கவில்லை. 2015இல் நெய்வேலியிலேயே 10 மெகாவாட்டில் ஆரம்பித்தார்கள். அப்புறம் அதே ஊரில் 130 மெகாவாட். அதன் பிறகு தென் மாவட்டங்களில் 500, பிறகு அந்த 709. நடுவில் கழுநீர்குளத்தில் 51 மெகாவாட் காற்றாலை. மொத்தம் 1,400 மெகாவாட்டுக்கு மேல். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் சூரிய மின்சாரத்தில் 1,000 மெகாவாட்டைத் தாண்டிய முதல் நிறுவனம் இதுதான். 2030க்குள் சூரியன், காற்று எல்லாம் சேர்த்து 10,000 மெகாவாட்டைத் தாண்ட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள்.

விலையும் துணைக்கு வந்தது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் முடிந்தபோது அதன் கரண்டுக்குத் தமிழக மின்வாரியம் ஒத்துக்கொண்டிருந்த விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. மறுவருடமே நடந்த டெண்டரில் என்.எல்.சி. 709 மெகாவாட்டை 3 ரூபாய் 47 காசுக்கு எடுத்தது. பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது.

நெய்வேலி நகருக்குள் மட்டும் பார்த்தால் படம் வேறு. நிறுவனத்தின் சோலார் இங்கே 140 மெகாவாட். கரி நிலையங்களோ, இரண்டாம் நிலையம் 1,470, அதன் விரிவாக்கம் 500, முதலாம் நிலைய விரிவாக்கம் 420, புதிய நிலையம் 1,000, ஆக 3,390 மெகாவாட். சோலார் இரவில் தூங்கும் என்பதால் உற்பத்தியாகும் யூனிட்டில் இடைவெளி இன்னும் பெரிது.

"அப்படியென்றால் இங்கேயே பேனல் போட்டு எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டியதுதானே" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. அந்த 3,390 மெகாவாட் நிலையங்கள் சராசரியாக 70 சதவீதம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அதே அளவு யூனிட்டைச் சூரியனிடமிருந்து எடுக்க வேண்டும் என்றால், ஒரு பேனல் வருடம் முழுக்கச் சராசரியாகத் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்குதான் தரும் என்பதால், ஏறக்குறைய 12,000 மெகாவாட் பேனல் வேண்டும். மெகாவாட்டுக்கு நாலரை ஏக்கர் போட்டால் 54,000 ஏக்கர். விருத்தாசலம், குறிஞ்சிப்பாடி, புவனகிரிப் பக்கத்து நெல்லையும் முந்திரியையும் அழித்துவிட்டு அதைச் செய்யச் சொல்ல யாருக்கும் மனசு வராது. எனக்கும் வராது. ஆனால் 54,000 ஏக்கருக்கும் இப்போதைய 140 மெகாவாட்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

கையில் இருக்கும் சொத்து

அந்த நடுவில் என்ன செய்யலாம் என்று பார்த்தால், நெய்வேலிக்கு இராமநாதபுரத்திடம் இல்லாத ஒரு சொத்து இருக்கிறது: கம்பி. அறுபது வருடமாக மின்சாரத்தை வெளியே அனுப்பிய ஊர் இது. சுவிட்ச் யார்டு, உயர் அழுத்தக் கோபுரங்கள், ஆறேழு திசைக்கும் போகும் லைன் எல்லாம் இருக்கின்றன. தென் மாவட்டங்களில் பேனல் போட்டு முடித்த பிறகும் கரண்டை வெளியேற்ற லைன் பற்றாமல் உற்பத்தியைக் குறைக்கச் சொல்வது சோலார் தொழிலில் இருப்பவர்கள் தினமும் புலம்பும் விஷயம்.

இன்னொன்று தோண்டி முடித்த நிலம். கரியை எடுத்த பள்ளத்தை மேல்மண் கொட்டி மூடிக்கொண்டே வாளிகள் பொருத்திய சக்கரத்தால் தோண்டும் பக்கெட் வீல் எந்திரங்கள் முன்னேறுகின்றன. பின்னால் மேடும் பள்ளமுமாக நிலம் உருவாகிறது. ஒரு பகுதியில் காடு வளர்த்திருக்கிறார்கள். மீதியில் பேனல் போடலாமே என்று தோன்றும். இங்கேதான் சிவில் எஞ்சினியர்கள் கையைத் தூக்குகிறார்கள். கொட்டிய மண் உடனே இறுகாது. பல வருடங்களுக்கு, இடத்துக்கு இடம் வேறு வேறு அளவில் அமுங்கும். ஒரு வரிசைப் பேனலின் இந்தக் கோடி ஒரு சாண் இறங்கி அந்தக் கோடி அப்படியே நின்றால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கண்ணாடி விரிசல் விடும். ஆணி மாதிரி அடித்து இறக்கும் தூண் இங்கே சரிப்படாது. மண் மேல் கான்கிரீட் கட்டைகளை வைத்து அதன் மேல் நிறுத்தும் முறை, நீளமான வரிசைக்குப் பதில் குட்டி வரிசைகள், பழைய கொட்டல்களை முதலில் எடுத்துக்கொள்வது என்று போக வேண்டும். செலவு கூடும். முடியாத காரியம் இல்லை. ஜெர்மனியின் பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்க நிலங்களில் பேனல்கள் நிற்கின்றன.

அப்புறம் தூசி. கரித் தூசியும் சாம்பலும் பறக்கிற ஊரில் பேனலைத் துடைக்காமல் விட்டால் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் உட்கார்ந்துவிடும். நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

நிலம் என்றாலே

2023 ஜூலையில் நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில் கதிர் விடும் நிலையில் இருந்த நெல்வயலில் என்.எல்.சி.யின் பொக்லைன் இறங்கியது தமிழ்நாடு முழுக்க டி.வி.யில் ஓடியது. சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டும் வேலை. நிலம் எப்போதோ கையகப்படுத்தப்பட்டது, பயிர் வைத்ததுதான் தவறு என்பது ஒரு வாதம். பல வருடம் சும்மா விட்டிருந்த நிலத்தில் பயிர் வைக்காமல் என்ன செய்வது, இரண்டு மாதம் பொறுத்தால் அறுவடை முடிந்திருக்குமே என்பது மறு வாதம். போராட்டம் கல்வீச்சில் போய் முடிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தரச் சொன்னது.

அதே வருடம் ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகளை மத்திய அரசு ஏலப் பட்டியலில் இருந்து விலக்கிக்கொண்டது. 2020ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன.

இந்தப் பின்னணியில் "சோலாருக்கு நிலம் வேண்டும்" என்று ஒரு அதிகாரி கிராம சபையில் எழுந்து நின்றால் என்ன நடக்கும்? மூன்று தலைமுறையாக நிலம் கொடுத்தவர்களுக்கு அது இன்னொரு கையகப்படுத்தலாகத்தான் கேட்கும். எனவே விலைக்கு வாங்கும் பேச்சே இங்கே எடுபடாது. குத்தகைதான் வழி: நிலம் உடையவர் பெயரிலேயே பட்டா, ஏக்கருக்கு வருடம் இவ்வளவு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை உயர்வு. தண்ணீர் இல்லாமல் தரிசாகப் போன மேட்டு நிலங்களுக்கு இது ஒத்துவரும்.

தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கத்தின் தரை உடையாமல் நிற்கும். ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் குழாய் இறக்கினால் தண்ணீர் தானே பொங்கி வழிந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். இப்போது ஆழ்துளைக் கிணறுகள் பல நூறு அடி இறங்குகின்றன, மோட்டாரின் குதிரைத்திறன் ஏறுகிறது, அந்த மோட்டார் இலவச மின்சாரத்தில் ஓடுகிறது, அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு இதே கரியில் இருந்து வருகிறது. வட்டம் அங்கேயே சுற்றுகிறது. இலவச கரண்ட் இருக்கும்வரை சூரிய பம்புசெட்டுக்கு மானியம் கொடுத்தாலும், இணைப்புக்காகக் காத்திருப்பவர்கள்தான் அதை எடுப்பார்கள்.

கூரை மேல்

பெரிய திட்டங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் விட்டுப்போகும். கடலூரின் மஞ்சக்குப்பத்திலும் முதுநகரிலும் மொட்டைமாடியில் நீலப் பேனல் தெரியும் வீடுகள் கூடிவருகின்றன. 2024 பிப்ரவரியில் அறிவித்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். கடலூர் வெயிலில் 3 கிலோவாட் சராசரியாக ஒரு நாளைக்கு 12 யூனிட் தரும். நெய்வேலிக் கணக்கில் தினமும் 12 கிலோ கரி.

யாருக்கு இது லாபம்? தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் குடும்பத்துக்குப் பில் ஏற்கெனவே சொற்பம். பேனல் போட்டால் முதலைத் திரும்ப எடுக்கப் பல வருடம் ஆகும். ஏ.சி. இரண்டு, வாஷிங் மெஷின், மோட்டார் என்று 700, 800 யூனிட் தாண்டுகிற வீட்டுக்குத்தான் இது சட்டென்று பலிக்கும், ஏனென்றால் மேல் அடுக்கு யூனிட்டுகளை, விலை அதிகமானவற்றை, முதலில் வெட்டுகிறது. ஆக, கூரை சோலார் இப்போதைக்கு வசதி உள்ளவர்களின் பில்லைக் குறைக்கும் திட்டம். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. சிறிய வீடுகளை இதில் சேர்க்க வேண்டும் என்றால் தெருவுக்குப் பொதுவாக ஒரு பள்ளிக்கூடக் கூரையிலோ ஊராட்சிக் கட்டடத்திலோ பேனல் போட்டு யூனிட்டைப் பங்கு பிரிக்க வேண்டும்.

கடலூரில் பேனல் போடுபவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை, பேனலைத் தாங்கி நிற்கும் சட்டத்தைப் பற்றியது. 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரி மரங்களை வேரோடு சாய்த்தது. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஏழடி நீளப் பேனல் காற்றைப் பொறுத்தவரை ஒரு பாய்மரம். நான்கு ஆங்கர் போல்ட்டும் தளத்தில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கின்றன, எத்தனை கிலோமீட்டர் வேகக் காற்றுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதி வாங்க வேண்டும். என் உறவினர் ஒருவர் வீட்டில் மலிவு விலைக்குப் போட்டுக் கொடுத்த ஆள், கடல் உப்புக் காற்றுக்குச் சாதாரண இரும்புக்குப் பெயின்ட் அடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது போல்ட் தலையெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சூட்டில் துத்தநாகம் தோய்த்த இரும்போ, அலுமினியமோதான் இங்கே நிற்கும்.

கத்திரி வெயிலில் கரண்ட் கொட்டும் என்று எதிர்பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் உற்பத்தி 0.35 சதவீத அளவில் குறையும். அக்னி நட்சத்திரத்தில் பேனலின் முதுகு 65 டிகிரியைத் தொட்டால் சுமார் 14 சதவீதம் அங்கேயே போச்சு. மாசி, பங்குனியில் வெயில் தெளிவாகவும் காற்று இதமாகவும் இருக்கும்போதுதான் மீட்டர் நன்றாக ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் படுத்துவிடும்.

ஆறரை மணிக்கு மேல்

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடைப் பகலில் சோலார் கணிசமாகக் கைகொடுக்கிறது. சிக்கல் சாயங்காலம். ஆறரை மணிக்கு வெயில் போய், எல்லா வீட்டிலும் விளக்கும் ஏ.சி.யும் ஏறும் அந்த நேரத்தில் கரி நிலையங்கள் வேகமாக மேலே வர வேண்டும். அதே நிலையங்கள் மத்தியானம் சோலாருக்கு வழிவிட்டுக் கீழே இறங்க வேண்டும். 2023இல் வந்த மத்திய விதிகள் அனல் நிலையங்கள் 55 சதவீதம் வரை இறங்கி ஓடத் தயாராக இருக்க வேண்டும் என்கின்றன. பாதி ஈரமான கரியை எரிக்கும் கொதிகலனைத் தினமும் இப்படி ஏற்றி இறக்கினால் தீ நிலையாக நிற்காது, எண்ணெய் ஊற்றித் தாங்க வேண்டிவரும், குழாய்கள் சீக்கிரம் தேயும். நெய்வேலி ஆட்களுக்கு இது சோலாரின் மேல் உள்ள உண்மையான மனக்குறை.

பேட்டரி இதற்குப் பதில். என்.எல்.சி.யே அந்தமானில் 20 மெகாவாட் சோலாரோடு 8 மெகாவாட்-மணி (8 மெகாவாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு) பேட்டரி வைத்தது. அந்த 20 மெகாவாட்டுக்கு ஈடாகக் கரண்ட் கொடுத்தால் அது 24 நிமிடம்தான் தாங்கும். மேகம் மறைக்கும்போது ஏற்படும் தள்ளாட்டத்தைச் சமாளிக்க வைத்தது அது, இரவை ஓட்ட அல்ல. ஆனால் பேட்டரி விலை அதற்குப் பிறகு விழுந்த விதம் வேறு. 2022இல் நாட்டின் முதல் பெரிய பேட்டரி டெண்டரில் கிடைத்த வாடகையில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே 2025இல் ஏலம் போனது. பழைய முதலாம் நிலையத்தின் இடத்தில், அதன் லைன்களில் மாட்டி, மத்தியானக் கரண்டைச் சாயங்காலத்துக்கு எடுத்து வைக்கும் பேட்டரிக் கூடம் ஒன்று கட்டினால், அடுத்த கட்ட விவாதம் ஊகத்தில் நடக்காமல் மீட்டரைப் பார்த்து நடக்கும்.

ஆள்

மந்தாரக்குப்பம் டீக்கடையில் ஒரு ஒப்பந்தத் தொழிலாளரிடம் இதைப் பேசியபோது அவர் சொன்னது: "தம்பி, பேனல் போடட்டும், யாரு வேணாங்கிறா. போடுறப்ப ஆறு மாசம் ஐந்நூறு பேர் வேணும். போட்டு முடிச்சதும் துடைக்க இருபது பேரும் வாட்ச்மேனும் போதும். நிலம் கொடுத்துட்டு நிரந்தர வேலைக்கு இன்னும் காத்துக்கிட்டு இருக்கோம். எங்க பசங்க எங்க போவாங்க?"

"ஏண்ணே, புது அனல் நிலையத்துல மட்டும் எடுத்தாங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

அவர் எண்ணிக்கையில் முன்னே பின்னே இருக்கலாம், திசை சரி. சுரங்கம், கன்வேயர், கொதிகலன், சாம்பல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் கேட்கும் தொழில் கரி. சோலார் அப்படி இல்லை. வேலை வேண்டும் என்றால் பேனலை நிறுத்துவதில் மட்டும் தேடினால் கிடைக்காது. தாங்கு சட்டம் செய்யும் பட்டறை, இன்வெர்ட்டர் பழுது பார்ப்பு, கூரை நிறுவல், பேட்டரிப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு நெய்வேலியைச் சுற்றியுள்ள ஐ.டி.ஐ.க்களில் இப்போதே பாடம் வைக்க வேண்டும். வெல்டரும் எலக்ட்ரீஷியனும் இந்த ஊரில் தட்டுப்பாடே இல்லை. நிலம் கொடுத்த குடும்பத்துக்குக் குத்தகைப் பணம் மாதாமாதம் வங்கியில் விழுந்தால், நிரந்தர வேலை என்ற ஒரே கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டிய கட்டாயமும் கொஞ்சம் தளரும்.

அடுத்து வரும் முடிவு

இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஏழு அலகுகள் 1980களின் பிற்பாதியிலும் 1990களின் தொடக்கத்திலும் ஓடத் தொடங்கியவை. 1,470 மெகாவாட்டுக்கும் வயதாகிவிட்டது. தலா 660 மெகாவாட் கொண்ட இரண்டு புதிய கரி அலகுகள் நெய்வேலிக்கு நிறுவனத்தின் திட்டத்தில் இருக்கின்றன. அனல் நிலையத்துக்கு மின் கொள்முதல் ஒப்பந்தம் வழக்கமாக 25 வருடம். அவை 2030களின் தொடக்கத்தில் எரிய ஆரம்பித்தால் ஒப்பந்தம் 2050களின் பிற்பாதியில்தான் முடியும். அதுவரை அந்த அலகுகள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக் கட்டணத்தைக் கரண்ட் வாங்கும் மாநிலங்கள் கட்ட வேண்டும். வாங்குவோர் வரிசையில் தமிழ்நாட்டோடு புதுச்சேரியும் உண்டு. 1,320 மெகாவாட் முழுவதையும் கரியில் கட்டுவதா, அதில் ஒரு அலகை விட்டுவிட்டு அந்தப் பணத்தைக் கொட்டல் நிலத்துச் சோலாருக்கும் பேட்டரிக்கும் திருப்புவதா என்று விலை ஒப்பிட்டு, இரண்டு கணக்கையும் பொது விசாரணையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லி மாவட்டத்து மக்கள் கேட்கலாம். பொது விசாரணைக்கு வருகிற சுற்றுச்சூழல் அறிக்கையில் மாற்று வழிகளை ஆராய்ந்த பகுதி ஒன்று இருந்தாக வேண்டும். அந்தப் பக்கங்களை முதலில் புரட்டிப் பாருங்கள்.